அதே மருந்து, அதே ஸ்பூன்

பட்டுக்குட்டி, இன்றைக்கு ஆவடியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்து மருந்துக்கடைக்குத் தைலம் வாங்கப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். தோளில் கைக்குழந்தை, காய்ச்சலில் துவண்டு கிடந்தது. அடையாளத்துக்குப் பழைய சிரப் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள்.

"சிரப்பு தீந்துபோச்சும்மா. இத்த எட்துகினு போ, அதே மருந்துதான்" என்று கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்.

"அதே மாரி ஒரு ஸ்பூன் ஊத்தணுமா அண்ணாத்தே?"

"ஆமாம்மா."

நான் பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். "ஊத்தாத! இது சொட்டு மருந்து. சிரப்புல அஞ்சு மில்லிக்கு நூத்தி இருவத்தஞ்சு மில்லிகிராம் மருந்து. இதுல ஒரு மில்லிக்கே நூறு. ஒரு ஸ்பூன் இத்த ஊத்துனா, நாலு ஸ்பூன் சிரப்பு ஊத்துன மாரி!"

"நீ இன்னா டாக்டரா?" என்று கடைக்காரர் கத்தினார். பிறகு இரண்டு பாட்டிலையும் அருகருகே வைத்துப் படித்தார். குரல் இறங்கிவிட்டது. "ஒன்னேகால் மில்லி போதும்மா. உள்ள சொட்டு வுட்ற ஃபில்லர் கீது, அதுலயே அளந்து குடு."

மூச்சு நின்ற உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்த பிறகு ஆஸ்பத்திரி நர்சம்மா எனக்குச் சொன்ன கணக்கு அது. உனக்கும் கடையில் அதே மருந்து என்றுதான் சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். நானும் வேளை தவறாமல் ஸ்பூனில் ஊற்றினேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பக்கா. உனுக்கு எத்தினி கொயந்திங்க?"

தைலம் வாங்காமலே வந்துவிட்டேன். ஒன்று என்று சொல்லியிருக்கலாமா, இல்லை என்று சொல்லியிருக்கலாமா, கண்ணு?