கடலுக்கு மேல் யாரும் நிற்கவில்லை

"நீங்கதான் நேர்ல பார்த்தவங்களாச்சே, உங்களவிட யாரு இதை நல்லா செய்வா?" என்று எங்கள் மேலாளர், என்னோடு வேலை பார்த்த அக்காவிடம் கேட்டது இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார். பாராட்டுகிறோம் என்றே நினைத்திருப்பார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு உருவங்களும் இடங்களும் செய்துகொடுக்கிற வேலை. சுனாமி வந்து ஏழெட்டு ஆண்டுகள் கழித்து நான் அங்கே சேர்ந்தபோது, கிரேக்கக் கடவுள்களை வைத்து ஒரு கேம் தயாராகிக்கொண்டிருந்தது. ஸியூஸின் தாடி, ஹெர்குலிஸ் கொன்ற சிங்கத்தின் தோல், மெதூசாவின் தலையில் நெளியும் பாம்புகள் என்று பொழுது போகும். என் பக்கத்து இருக்கை அந்த அக்காவுடையது. மணவாளக்குறிச்சிக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அந்தக் கடவுள்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டின்போது எங்களுக்குச் சொல்வார். "இவனுவளுக்குக் கோவம் வர ஒரு காரணமும் வேண்டாம் மக்கா. குடிச்சிட்டு வார மாமன்மாரு மாதிரில்லா இருக்கு" என்பார். நாங்கள் சோற்றுக் கையோடு சிரிப்போம்.

பிறகு பொசைடன் வந்தான். கடலுக்குக் கடவுள். ஒரு நகரத்து மக்கள் தன்னை விட்டுவிட்டு அதீனாவைத் தேர்ந்துகொண்டார்கள் என்று கோபித்து, ஊருக்குள் கடலை ஏவியவன். கேமில் அவன் அலையின் உச்சியில் சூலத்தோடு நிற்க வேண்டும். விளையாடுபவன் கூரைக்குக் கூரை தாவித் தப்ப வேண்டும். கீழே ஊர்ச்சனம் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட வேண்டும். சுனாமி வந்த அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அக்கா தன் அம்மையையும் தங்கையையும் அலைக்குக் கொடுத்தவர் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலாளருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தக் காட்சியை அவரிடம் கொடுத்தார். "சார், எனக்கு வேற ஏதாவது தாங்க" என்று அக்கா கேட்டபோதுதான், 'உங்களவிட யாரு' என்ற அந்தப் பதிலைச் சொன்னார் மேலாளர்.

அக்கா செய்தார். அவர் திரையில் முதலில் கடல் உள்வாங்கியது. அதுவரை யாரும் பார்த்திராத மணல் வெறுமனே கிடந்தது. பிறகு கறுப்பாக, வள்ளங்களையும் மரங்களையும் சுருட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அலை நீலமாக வேண்டும், இன்னும் உயரமாக வேண்டும், மேலே கடவுள் எங்கே என்று வீடியோ அழைப்பில் கேட்டார்கள். மேலாளர் அக்காவைச் சுட்டிக்காட்டி, இவர் சுனாமியில் பிழைத்தவர் என்று சரக்கை விலை பேசுவதுபோல் சொன்னார். அவர்கள் நெஞ்சில் கைவைத்து வருந்தினார்கள். வருந்திய அதே மூச்சில், அப்படியானால் உடல்கள் தண்ணீரில் எப்படிப் புரளும் என்று இவருக்குத் தெரிந்திருக்குமே என்றார்கள்.

அக்கா எழுந்து மேலாளரைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"கடலுக்கு மேல ஒருத்தனும் நிக்கல்ல சார். நான் பாத்தேன். அலைக்குப் பொறவு நாங்க தங்குன கேம்புல ஒருத்தர் வந்து, நீங்க செஞ்ச பாவத்துக்கு மேல உள்ளவன் அனுப்புன அலைன்னு சொன்னாரு. எனக்க தங்கச்சி சின்னப் பிள்ள. அவ என்ன பாவம் செஞ்சா? அண்ணைக்கு அவர்ட்ட கேக்காம விட்டேன். இப்ப உங்கள்ட்ட கேக்கேன்."

மேலாளர் அவசரமாக அழைப்பின் ஒலியை நிறுத்தினார். "இது வெறும் கேம்தானேம்மா" என்றார்.

அக்கா தன் இருக்கைக்கு வந்து சாயங்காலம் வரை வேலை செய்தார். நான் எட்டிப் பார்த்தேன். கேமின் தெருவில் நின்ற ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நகர்த்தி, ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஆளையும் ஏற்றிவிட்டு, வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். வேலையைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லி, அனுபவச் சான்றிதழைத் தர மறுத்தார் மேலாளர். நாங்கள் சிலர் அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்ட பிறகே கையெழுத்திட்டார்.

சில ஆண்டுகள் கழித்து, சவுதியிலிருந்து லீவுக்கு வந்த என் கொழுந்தன் அந்த கேமைக் கொண்டுவந்து டிவியில் போட்டான். உள்வாங்கும் கடல் அக்காவுடையது. வெறும் மணல் அக்காவுடையது. அதன்மேல் ஒரு நீல அலையை ஒட்டி, உச்சியில் பொசைடனை நிறுத்தியிருந்தார்கள். முடிவில் ஓடிய பெயர்களில் எங்கள் மேலாளர் இருந்தார். அக்கா இல்லை. முற்றத்துக்கு வந்து அக்காவை போனில் அழைத்தேன். திருவனந்தபுரத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடும் ஓரிடத்தில் வேலையாக இருந்தார். பெயர் விட்டுப்போனதைச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை.

"மேட்டுல நின்ன ஆளுவ இருக்கா?"

"இல்லக்கா. எல்லாரும் கீழதான்."

"ஏறி நின்னதுவள எதுக்கு மக்கா இறக்குனானுவ?" என்றார்.

உள்ளே கொழுந்தன் அலை வரும் அந்த இடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருந்தான்.