ஹேமர் சத்தத்தில் ஒரு பெண் பார்ப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது நான்கு, ஐந்தாவது, தாயை இழந்த என் மகள்வயிற்றுப் பேத்தி. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் இதை நானே எழுத வேண்டும்.

ஓசூரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் இரும்பு அடிக்கிற கம்பெனி. அங்கே ஹேமர் என்கிற ராட்சதச் சம்மட்டி விழுந்தால் அலமாரித் தட்டெல்லாம் அதிரும், சொம்புத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அதனால், பேத்தியைப் பெண் பார்க்க வருகிறோம் என்றவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அன்று கம்பெனிக்கு லீவு.

சிங்காரப்பேட்டையிலிருந்து பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பாயில் உட்கார்ந்ததும் 'டம்' என்றது. அவசர ஆர்டராம், ஓவர்டைமாம். எனக்கு உயிரே போயிற்று. அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"எங்க ஊர்ல மாங்கா விழுந்தாக்கூடக் கேக்கும். இங்க மனுசங்க எப்புடிங்க இருக்கறது?"

"பழகிடுங்க சம்மந்தி!"

"என்னாங்க?"

"பழகிடும் சம்மந்தி!"

"இன்னும் சம்மந்தி ஆவலீங்க!"

அது மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது.

பேத்தி காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவளும் பையனும் ஓசூரிலேயே வேறு வேறு கம்பெனி. இருவருக்கும் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில்தான் வேலை, அங்கேயும் காதைப் பிளக்கிற சத்தம். அவன் விரலால் தன் காதைத் தொட்டான். அவள் தலையசைத்தாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் உதடும் அசைந்தது. அதைக் கவனித்த அந்த அம்மா என் பக்கம் குனிந்து கத்தினார். அந்நேரம் பார்த்து, டீ வேளை, ஹேமர் நின்றது.

"பொண்ணுக்குப் பேச்சு வருமா வராதான்னு கேக்கறேன்!"

தெருவுக்கே கேட்டது.

"வருங்க அத்தை," என்றாள் பேத்தி. "நாங்க பேசி முடிச்சிட்டோம்."

"எப்படா?"

"இப்பத்தாம்மா," என்றான் பையன். "வேலையில காதுக்கு பிளக் போடறீங்களான்னு கேட்டேன். தினமும் போடறாங்களாம். கல்யாணம் ஆனாலும் வேலைக்குப் போவேன்னாங்க. சரின்னுட்டேன்."

"அப்ப நான் எதுக்குடா வந்தேன்?" என்று சிரித்து, பையிலிருந்த மல்லிகையை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

அந்தச் சத்தத்தை எத்தனையோ வருஷமாக திட்டியிருக்கிறேன். என் காதில் பாதியை அது தின்றுவிட்டது. அதற்குள்ளேயே, தண்ணீருக்குள் மீன் போகிற மாதிரி, என் பேத்தி தன் வாழ்க்கையைப் பேசி முடித்தாள். என் கண்ணால் பார்த்தும் எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

தை மாதம் கல்யாணம். ஹேமர் மறுபடி ஆரம்பித்துவிட்டது. கண்ணு, இங்கே வா, ஆயா எழுதினதைப் படித்துக் காட்டு. என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து மெதுவாகப் படி. உன் உதட்டைப் பார்த்து நானும் கற்றுக்கொள்கிறேன்.