‘அடுத்த கப்பல்’ எழுதிய சிவகாமி அம்மாள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை போர்ட் பிளேரில், ஹேடோவில் எங்கள் அலுவலகத்துத் தொலைபேசி மணி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண். யாருக்கோ லைன் கொடுக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். “சார், உங்களுக்குத்தான். நம்ம சிவகாமி அம்மா காலையில ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க” என்றாள்.   ரிசீவரை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

பல வருடங்கள் அதே எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து போர்ட் பிளேர் முழுவதையும் பேசவைத்தவர் சிவகாமி அம்மாள். ஆனால் இந்தத் தீவுகளில் அவரை அறிந்தவர்கள் ஆபரேட்டராக அறிந்ததைவிடச் ‘செல்லம்’ என்ற பாத்திரமாக அறிந்ததே அதிகம். வாரம் ஒரு முறை வானொலியில் கால் மணி நேரம் ஒலித்த ‘அடுத்த கப்பல்’ என்ற நகைச்சுவைத் தொடரை எழுதியவர் அவர். அதில் செல்லம் என்ற மனைவி வேடத்தில் நடித்தவரும் அவரே. செல்லத்தின் கணவன் கணேசனாக நடித்தவன் நான்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐம்பதுகளில், மணமான கையோடு கப்பலேறி வந்தவர். கணவர் மாணிக்கம் அண்ணாச்சிக்குச் சாத்தம் மரமில்லில் ஃபிட்டர் வேலை. இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று பிறந்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம். இந்தி தெரியாமல் வந்தவர், எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த சில மாதங்களிலேயே வங்காளிகளிடமும் தெலுங்கர்களிடமும் இந்தத் தீவு இந்தியிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இங்கே வானொலி நிலையம் வந்த பிறகு, தமிழ் நாடகத்துக்குக் குரல் தேர்வு நடந்தது. ஒரு ராஜாவின் வசனத்தை முழங்கிவிட்டு நான் வெளியே வந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த சிவகாமி அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, ராஜா வேஷம் உங்களுக்கு வேண்டாம். உங்க குரல்ல நல்ல அலுப்பு ஒண்ணு இருக்கு. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வர்ற மனுஷன் குரல் அது. எனக்கு அதுதான் வேணும்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் நீட்டிய தாள்களை வாங்கிப் படித்தேன். ஹேடோ குவார்ட்டர்ஸில் ஒரு கணவன் மனைவி. மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர்கள் பேச்சு. பெட்டி எப்போதும் கட்டித் தயாராக இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று தடுக்கும். முடிவில் கணேசன், “சரி, அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம்” என்பான். பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி ‘மாஷி’, நம் ஊர்ச் சித்தி மாதிரி. அந்த வேடத்தில் எதிர்க்கரைப் பாம்பூபிளாட்டிலிருந்து வந்த ஒரு வங்காளி அம்மையாரே நடித்தார். மாஷியின் பேச்சைக் கேலி செய்து இன்னும் கொஞ்சம் சிரிக்கவைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னபோது சிவகாமி அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “மாஷியைப் பாத்து யாரும் சிரிக்க வேண்டாம். மாஷி எங்களைப் பாத்துச் சிரிக்கட்டும்” என்றார். அப்படியே எழுதினார். அது இன்னும் நன்றாக எடுபட்டது.

சனிக்கிழமை இரவு ஏழேகாலுக்குத் தொடர் ஒலிபரப்பானது. அந்த நேரத்தில் பஜார் டீக்கடைகளில் டீ ஆற்றுகிற சத்தம்கூட அடங்கிவிடும் என்பார்கள். கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அறிய நிலையத்துக்கு அந்தக் கடிதக் கட்டைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது.

இரண்டு வருடங்களுக்குப் பின் நேரம் மாறியது. சனி இரவில் வேறொரு நிலையத்து நிகழ்ச்சியை வாங்கி அஞ்சல் செய்ய வேண்டியிருந்ததால் எங்களைப் புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு நகர்த்தினார்கள். அப்போது எங்களில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கால் மணி நேரம் எப்போது வந்தாலும் கால் மணி நேரம்தானே என்று நானே சொன்னேன். இரண்டு மாதத்தில் கடிதக் கட்டு மெலிந்து, ஒற்றைக் கையில் பிடிக்கும் அளவாகிவிட்டது.

நிகழ்ச்சி அதிகாரி எங்களை அழைத்தார். நல்ல மனிதர், எங்கள் தொடரை விரும்பியவரும்கூட. “அம்மா, அதே வீடு, அதே பெட்டி. ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. அவர்களை மெட்ராஸுக்கு அழைத்துப் போங்களேன், புதிதாக இருக்கும்” என்றார்.

சிவகாமி அம்மாள் மறுக்கவில்லை. தன் எழுத்தில்தான் குறை என்று அவரும் நம்பிவிட்டார். கணேசனும் செல்லமும் கப்பலேறினார்கள். கடற்கரை, டவுன் பஸ், மாமா வீடு என்று நான்கு வாரம் மெட்ராஸில் சுற்றினோம். ஒலிப்பதிவு அறையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே யாரும் சிரிக்கவில்லை. நான்காம் வாரம் ஒரே ஒரு தபால் அட்டை வந்தது. ‘கணேசன் சாரும் அம்மாவும் ஊருக்குப் போய்விட்டார்கள். சௌக்கியமாக இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தது. விடைபெறும் கடிதம் போலவே இருந்தது அது. மாத முடிவோடு தொடரை நிறுத்திவிடலாம் என்றார் அதிகாரி.

மறு புதன்கிழமை சிவகாமி அம்மாள் லீவு போட்டுவிட்டு என் அலுவலக வாசலில் வந்து நின்றார். “வாங்க தம்பி. இது அழுற விஷயம் இல்ல. கேட்டுத் தெரிஞ்சுக்கிடுற விஷயம்” என்றார்.

சாத்தம் ஜெட்டிக்குப் போனோம். மில் வேலை விட்டு ஆட்கள் திரளாக வந்துகொண்டிருந்தார்கள். பாம்பூபிளாட்டுக்குப் போகும் போட்டில் நாங்களும் ஏறிக்கொண்டோம். சாப்பாட்டுத் தூக்குடன் உட்கார்ந்திருந்த ஒரு மில் தொழிலாளியிடம் அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

“ரேடியோல ‘அடுத்த கப்பல்’ கேப்பீங்களா?”

“முன்னே தவறாம கேப்பேன்.”

“இப்போ பிடிக்கலையோ?”

அவர் அம்மாளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “பிடிக்கலைன்னு யார் சொன்னது? மணி என்ன பாருங்க. இப்போ அங்கே நாடகம் ஓடுது. நான் இங்கே தண்ணி மேல இருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என் கடிகாரத்தில் ஐந்தரை தாண்டியிருந்தது.

எதிரே இருந்த ஒரு பெண்மணியும் பேச்சில் சேர்ந்துகொண்டார். “நான் பாதி நாள் வீட்லதான் இருக்கேன். ஆனா அவர் வர்றதுக்கு முன்னாடி ஒத்தையில எதுக்குக் கேக்க? தனியா உக்காந்து சிரிச்சா நல்லாவா இருக்கு? அதுவும் இப்போ மெட்ராஸ் கதையால்ல ஓடுது. அது மெட்ராஸ்காரங்களுக்கு. நமக்கு என்ன இருக்கு அதுல?”

 அக்கரையில் இறங்கி, திரும்பும் போட்டுக்குக் காத்திருந்தபோது அம்மாள் சொன்னார். “நேரத்தை மாத்தினது அவங்க தப்பு. மெட்ராஸுக்குப் போனது என் தப்பு. ரெண்டையும் நாளைக்கே சொல்லிப்புடணும்.”

மறுநாள் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“சனிக்கிழமை இரவைத் திருப்பித் தர என்னால் முடியாது அம்மா” என்றார் அதிகாரி.

“அது வேண்டாம் சார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டரை குடுங்க.”

அதிகாரி சிரித்துவிட்டார். “அந்த நேரத்துக்கு ரேடியோ பக்கம் யார் வருவார்கள்?”

“ரேடியோ பக்கம் யாரும் வர வேண்டாம். எல்லாரும் வீட்டுல இருந்தாப் போதும். மில் கிடையாது, ஆபீஸ் கிடையாது. மீன் குழம்பு அடுப்புல கொதிக்கும். புருஷன், பிள்ளைங்க சோத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் சிரிச்சா இன்னொருத்தர் பக்கத்துல இருக்கணும் சார். எங்க நாடகத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.”

“அதற்கும் கடிதம் வரவில்லையென்றால்?”

“நானே வந்து நிறுத்தச் சொல்லுவேன்.”

எட்டு வாரம் கொடுத்தார்.

குடும்பத்தைத் தீவுக்கு எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று நான் கவலைப்பட்டேன். மாமா வீட்டில் சண்டை, வேலை போய்விட்டது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அம்மாள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் ஞாயிறு கப்பலின் சங்கு ஊதுகிறது. ஜெட்டியில் மாஷியின் குரல்: “க்யா ஹுவா? வாபஸ் ஆ கயே?” என்ன ஆச்சு, திரும்பி வந்துட்டீங்களா என்று கேட்கிறாள். அதற்குச் செல்லம், “மெட்ராஸ்ல தண்ணி சரியில்ல மாஷி” என்கிறாள். அவ்வளவுதான் விளக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மின்னி பே பகுதியில் ஜன்னல்தோறும் ஒரே நேரத்தில் சிரிப்புக் கேட்டதாக மாணிக்கம் அண்ணாச்சி சொன்னார். அடுத்த வாரம் கடிதங்களைக் கட்டச் சணல் தேட வேண்டியிருந்தது. அதிகாரியே கட்டைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போய் அம்மாளிடம் கொடுத்தார்.

அதன் பிறகு ஆறு வருடங்கள் எங்களை யாரும் நகர்த்தவில்லை. ஒரு நாள் அம்மாளே முடித்துவிடப் போவதாகச் சொன்னார். கடிதம் குறையவில்லை, சொல்லப்போனால் அப்போதுதான் அதிகம் வந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“கணேசனும் செல்லமும் இனிமே எங்கேயும் போகமாட்டாங்க தம்பி. அது அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே போறேன் போறேன்னு சொன்னா, கேக்குறவங்களை நாம ஏமாத்துறதா ஆகும்.”

கடைசி ஞாயிறு இருவரும் பெட்டியைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினார்கள். கணேசன் ஒன்றும் பேசக் கூடாது என்று அம்மாள் உத்தரவிட்டிருந்தார். துணி உதறும் சத்தத்தோடு நிகழ்ச்சி முடிந்தது. நான் நடித்ததில் மிகக் கடினமான காட்சி அதுதான். அந்த வருடந்தான் சிவகாமி அம்மாளும் அண்ணாச்சியும் மின்னி பே பகுதியில் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவரை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எதிர்பாராத அளவுக்கு ஜனங்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு அவருடைய பெயர் சிவகாமி என்றே தெரியவில்லை. பாம்பூபிளாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் குரலைக் கேட்டுத் திரும்பி, நேரே என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“கணேசன் சார்தானே? உங்க வீட்டம்மா இப்படிப் போயிட்டாங்களே. தனியா எப்படி இருக்கப் போறீங்க?”

 பக்கத்திலேயே மாணிக்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவரைக் காட்டி உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார்.

“சொல்லட்டும் தம்பி. நீங்களே வாங்கிக்கிடுங்க. எனக்கும் சேத்துத்தான் சொல்றார்.”

பொழுது சாயும்வரை அண்ணாச்சியும் நானும் வாசலில் அருகருகே நின்று, வந்தவர்களின் கைகளை மாறி மாறிப் பற்றிக்கொண்டிருந்தோம்.

போய் வாருங்கள், அக்கா.