ஆம்பூரில் நிறம் மாறிய படலம்

போன வெள்ளிக்கிழமை ஆம்பூருக்குப் போனது பிரியாணிக்காக அல்ல. (சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.) பெங்களூரில் நான் ஆராய்ச்சி செய்யும் இடத்தில் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) கருவி பழுது. கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பாலிமர் படலம். புற ஊதா விளக்கைக் காட்டினால் அதன் மூலக்கூறுகள் வடிவம் மாறி, படலம் கத்தரிப்பூ நிறமாகும். வெள்ளை விளக்கில் பழையபடி நிறமற்றுப் போகும். வெளிச்சமே இல்லாமல், காதுக்குக் கேட்காத ஒலியால் மட்டும் அதை மாற்ற முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. முடியாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடு என்று என் ஆய்வு நெறியாளர் சொல்லிவிட்டார்.

கல்லூரித் தோழன் இம்தியாஸ் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் இருக்கிறான். தோலில் சாயம் நன்றாக இறங்க, அங்கே மீயொலித் தொட்டியில் சோதனை செய்கிறார்கள். "வெள்ளிக்கிழமை வா. ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் போய்டுவாங்க, லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிடுவோம்" என்றான்.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "இன்டர்வியூவாம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

விளக்குகள் அணைந்தன. சன்னல் வெயிலை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. சாப்பிட வீட்டுக்குக் கிளம்பிய சல்மா அக்கா, அந்தப் பிரிவில் வேலை செய்பவர், என் முழியைப் பார்த்துத் திரும்பி வந்தார். கறுப்புத் தோல்களைச் சன்னலில் வரிசையாகத் தொங்கவிட்டார். "நீ உன் வேலையப் பாரும்மா, நான் அப்புறமா சாப்ட்டுக்கிறேன்."

சூட்டிலும் நிறம் மாறும் என்பதால் தொட்டி நீரில் ஐஸ் போட்டு, படலத்தை உறையிலிட்டு இறக்கி, மீயொலியை ஓடவிட்டேன். கடைசியில் எடுத்து, போன் வெளிச்சத்தை ஒரு நொடி காட்டினேன். கத்தரிப்பூ நிறம்!

"எங்க சாயம் ஏதாச்சும் ஒட்டிக்கிச்சா?" என்றார் சல்மா அக்கா.

உறையைப் பிரித்துப் பார்த்தேன். தொட்டி நீர் கசிந்து உள்ளே ஈரம் இருந்தது. தொழுகை முடிந்து வந்த இம்தியாஸ், காலையில் அதே தொட்டியில் ஊதாச் சாயம் ஓட்டியதாகச் சொன்னான்.

படலத்தை வெட்டி, ஒரு பாதியைச் சான்றுக்காக இருட்டுப் பெட்டியில் மூடினேன். மறு பாதியை வெள்ளை விளக்கின் கீழ் பிடித்தேன். எல்லோரும் சுற்றி நிற்க, நிறம் மெல்ல வெளுத்துக் காணாமலே போனது.

"போய்டுச்சேம்மா" என்றார் சல்மா அக்கா, ஏதோ தன்னால் கெட்டுவிட்டதுபோல.

"போகணும்க்கா. சாயமா இருந்தா போயிருக்காது." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இப்படிப் போக நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமையே போங்கள். ஐஸை வழியில் வாங்குங்கள், உறையை இரண்டாகப் போடுங்கள். நான் எழுதப்போகும் ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் முதல் பெயர் சல்மா அக்காவுடையது. நெறியாளர் இரண்டாவதாக இருந்துகொள்ளட்டும்.