சவுரியம்மாள் கூப்பிட்ட குரல்

உள் அறையிலிருந்து 'விர்ர்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'டக்' என்று மரம் உள்ளங்கையில் வந்து விழும் ஓசை. மறுபடியும் 'விர்ர்'.

"அக்கா, உலை பொங்குது!" என்று எதிர்வீட்டு தேவகி வாசலில் நின்று கத்துகிறாள்.

"பொங்கட்டும்டி. அது எங்கயும் ஓடிப் போவாது" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. ஆள் வரவில்லை.

திருவிழா நெருங்கிவிட்டால் சவுரியம்மாள் வீட்டில் தினமும் சோறு குழைந்துதான் போகும். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மண்சுவர் மட்டும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு, அவள் சக்கரி கீழே போவதும் மேலே ஏறுவதும் மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது. இரண்டு மரத்தட்டுகள், நடுவில் ஒரு சின்னக் கட்டை, அதில் சுற்றிய நூல். விரலில் மாட்டி வீசினால் தரைவரை இறங்கி, நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வரும். குழந்தைகள் விளையாடும் சாமான். நாற்பதைத் தாண்டிய சவுரியம்மாள் அதைக் கையில் எடுக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால், யாரையோ அடிக்கப் போகிறாள் என்றுதான் தோன்றும்.

ஒல்லியான உடம்பு. நீளமான கைகள். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. பட்டையை இடித்துத் தூளாக்கி ஊறப்போட்டால்தான் தோலுக்கு நிறம் பிடிக்கும். தோலுக்கு முன்னால் இடிக்கிறவள் கைக்குப் பிடித்துவிடுகிறது. சவுரியம்மாளின் கை மணிக்கட்டுவரை செம்பழுப்பு. அதற்கு மேல் வேறொருத்தியின் கை போல இருக்கும். கோயிலில் சாமியார் கையிலிருந்து நன்மை அப்பம் வாங்கப் போகும்போது மட்டும் அந்தக் கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வாள். "சாமிக்குத் தெரியும். சாமியாருக்கு எதுக்குத் தெரியணும்?" என்பாள்.

வாய் பொல்லாதது. மேஸ்திரி பெருமாள் ஒருநாள் இவள் இடித்தது நைசாக இல்லை என்று சொல்லிவிட்டான். "உம் மூஞ்சியக் கொண்டாந்து உரல்ல வையி, நைசா இடிச்சித் தர்றேன்" என்றாள். அன்று முதல் அவன் இவள் உரலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறான். கோழியோடு பேசுவாள், கோழி பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவாள், யார் வீட்டிலும் சாப்பிடமாட்டாள். கேட்டால், "எங்க வூட்டு ஆம்பள வந்தப்பறம் ரெண்டு பேருமா வந்து சாப்புடறோம்" என்று விடுவாள்.

அந்த ஆம்பளைதான் அந்தோணி. ரங்கூனுக்குப் போகிறேன் என்று ஒரு தகரப்பெட்டியோடு கிளம்பியவன். போய் வருஷக்கணக்கு ஆகிறது. ரங்கூனிலிருந்து திரும்பிய ஆம்பூர்க்காரர்களை எல்லாம் இவள் விசாரித்தாயிற்று. ஒருவரும் பார்க்கவில்லை. "அங்க ஜனம் ஜாஸ்தி. எல்லாரும் எல்லாரையும் பாக்க முடியுமா?" என்று அவர்களுக்கே சமாதானம் சொல்லி அனுப்புவாள். 'செத்துட்டான்னு வெச்சிக்கோயேன்' என்று ஒருமுறை கூடப் பட்டை இடிக்கிற பூவம்மாள் சொன்னதற்கு, "நீ பொணத்தப் பாத்தியா? மண்ணு போட்டியா? வாய மூடு" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுததை நான் கேட்டேன். மறுநாள் என் முகத்தைப் பார்த்ததும் அவளாகவே, "பல்லு வலி" என்றாள்.

இனி திருவிழாவைச் சொல்ல வேண்டும்.

ஈஸ்டர் கழிந்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோல்காரத் தெருக் குடும்பங்கள் மாதா கோயில் மைதானத்தில் கூடுகின்றன. கிறிஸ்தவ வேதக்காரர்கள், மற்றவர்கள் என்ற பேதம் அன்று கிடையாது. குடும்பம் குடும்பமாக வந்து வித்தை காட்ட வேண்டும். உள்ளங்கையில் பம்பரம் ஏற்றுகிறவர்கள் உண்டு. கோல் நுனியில் தட்டைச் சுழற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் கூட்டம் காத்திருப்பது பெண்களின் சக்கரிக்குத்தான். வருஷம் முழுதும் உலக்கை பிடித்த கைகள் அன்று ஒரு நாள் விளையாடும்.

தகரக் குழலில் பெயர் கூவுகிறவன் கன்னியப்பன். "யாரு வூடு?" என்று அவன் கேட்டால், களத்தில் நிற்கிற பெண் தன் வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பெயர் புருஷன் பெயர். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் புருஷன் பெயரை வாயால் சொல்வாள்? அதனால் அவள் கூட்டத்தைப் பார்த்து, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, "யோ!" என்று ஒரு குரல் கொடுப்பாள். கூட்டத்தில் எங்கேயோ இருந்து புருஷன், "இன்னாமே!" என்பான். சிரிப்பு வெடிக்கும். உடனே கன்னியப்பன், "சுப்பராயன் வூடு!" என்றோ "பெருமாள் வூடு!" என்றோ கூவுவான். சக்கரி இறங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனித் துரையின் மனைவி மதராஸிலிருந்து ஒரு வழவழப்பான சக்கரி வாங்கிவந்து, அதற்குச் சீமையில் 'யோயோ' என்று பெயர் என்றாள். கன்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! நம்ம பொம்பளைங்க புருஷனக் கூப்புடறதக் கேட்டுத்தான் வெள்ளக்காரன் பேர் வெச்சிக்கீறான்!" என்று இன்றுவரை சத்தியம் செய்கிறான்.

ஒரு விதி உண்டு. புருஷன் இறந்த வீடு, பிள்ளையின் பெயரில் களத்துக்கு வரலாம். பிள்ளையும் இல்லாதவள் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சவுரியம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. அந்தோணி உயிரோடு இருக்கிறான் என்ற ஒரே பிடிப்பில்தான் அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

ஒவ்வொரு வருஷமும் அவள் முறை வரும். தலையை நிமிர்த்தி, "யோ!" என்பாள். மைதானம் அடங்கிவிடும். பதில் இருக்காது. கன்னியப்பன் கொஞ்சம் பொறுத்து, "அந்தோணி வூடு! ஆம்பள வெளியூர்!" என்று கூவுவான். "அவ வுட்டா சக்கரி திரும்பி வருது, புருஷன் வர மாட்டேங்கறான்" என்று எவளாவது முணுமுணுப்பாள். காதில் விழுந்தாலும் சவுரியம்மாள் திரும்பமாட்டாள். அவள் கையிலிருந்து சக்கரி புறப்பட்டுவிட்டால் முணுமுணுத்தவளும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். தரைக்கு ஒரு விரல் மேலே நின்று சுழலும். அவள் இமை அசைந்தால் ஏறும். தலையைச் சுற்றி வீசினால் வண்டு போலப் பாடும்.

இந்த வருஷமும் அவள் முறை வந்தது. வெயில் தாழ்ந்த நேரம். நாட்றம்பள்ளி, திமிரி என்று வெளியூர்க் கூட்டம் வேறு. கன்னியப்பன், "யாரு வூடு?" என்றான். சவுரியம்மாள் கூப்பிட்டாள்.

"யோ!"

"இன்னாமே!"

சர்பத் வண்டிப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். எவனோ கேலி செய்கிறான் என்று ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. வண்டியருகே தாடியும் தலைப்பாகையுமாக ஒருவன் நின்றான். தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு நின்றான்! தூக்கத்தில் தட்டினால் எழுந்துவிடுகிற மாதிரி, அந்தக் குரலுக்கு அவன் நாக்கு தானாகப் பதில் சொல்லிவிட்டது. பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண். அவள் வெகுளியாக, எல்லாருக்கும் கேட்கும்படி, "யாரையோ கூப்புட்டா நீ இன்னாத்துக்குய்யா பதில் சொல்ற?" என்று கேட்டாள்.

அவன் அவள் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தான்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. சவுரியம்மாளின் சக்கரி நூல் முழுதும் இறங்கி, செத்த எலி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் குழலை உதட்டில் வைத்தான். 'வெளியூர்' என்று எப்படிச் சொல்வான்? "அந்தோணி வூடு" என்று மட்டும், குழலை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். ஐயோ, அதைவிட அவன் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் அவன் வந்தான். தாடியை மழித்திருந்தான். தெருவில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தவனுக்கு, சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் எழுதிக்கொண்டிருப்பது தெரிய நியாயமில்லை.

"வாங்க. உக்காருங்க" என்றாள் சவுரியம்மாள்.

'வாங்க' என்றா சொன்னாள்! இத்தனை காலமும் சுவரைப் பார்த்து, "யோ, வந்து தொலையேன்யா" என்று அவள் புலம்பியதைக் கேட்டவன் நான்.

"சவுரி, நான்தான்."

"தெரியுது. தண்ணி குடிக்கிறீங்களா?"

"இன்னா, 'ங்க' போட்டுப் பேசற?"

"வந்தவங்களோட வேற எப்பிடிப் பேசறது? ரங்கூன்லாம் எப்பிடிக் கீது?"

"ரங்கூனுக்குப் போவல. நாட்றம்பள்ளில கீறேன். தோல் வண்டி ஓட்டறேன்" என்றான்.

"பக்கத்துலதான்" என்றாள்.

அவன் வந்த காரியத்தைச் சொன்னான். நேற்று நடந்தது, சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் இவளிடம் வந்து விசாரிப்பார். பதில் சொன்னவன் யாரோ கேலிக்காரன், என் புருஷன் இல்லை என்று இவள் சொல்லிவிட வேண்டும்.

"அங்க கோயில்ல மரியம்மாளக் கட்டும்போது, மொதப் பொண்டாட்டி செத்துட்டான்னு சொல்லித்தான் கட்டனேன். இப்ப தெரிஞ்சா கல்யாணமே செல்லாதும்பாங்க. கொழந்த கீது, சவுரி. அதப் பாரு."

"நான் செத்துட்டனா?" சவுரியம்மாளின் குரலில் கோபமே இல்லை. பக்கத்து ஊர்ச் சேதி கேட்பது போலக் கேட்டாள். "எதுல?"

"...காலராவுல."

"ரொம்பக் கஷ்டப்பட்டனா?"

அடுத்ததையும் அவளே கேட்டாள்.

"கொழந்த ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"சரி. சொல்றேன்" என்றாள். "எம் புருஷன் செத்துட்டார்னு சொல்றேன். செத்தவரு எப்பிடிப் பதில் சொல்லுவாரு? அப்பறம் உங்கள ஒருத்தரும் பேஜார் பண்ண மாட்டாங்க."

"அப்பிடிச் சொன்னா திருவிழாவுல உன்ன..."

"அது எம் பாடு. ஆனா ஒண்ணு. நீங்க என்னக் காலராவுல கொன்னுட்டீங்க. நான் உங்கள எதுல கொல்றது? அதையும் சொல்லிட்டுப் போங்க. பின்னால ஆளுக்கொண்ணு சொல்லக் கூடாது பாருங்க."

அவன் அழுவான் என்று நினைத்தேன். காலில் விழுவான் என்று நினைத்தேன். நான் எழுதுகிற தொடர்கதையாக இருந்தால் கட்டாயம் விழுந்திருப்பான். அவன் நிஜமாகவே யோசித்தான்.

"காய்ச்சல்னு சொல்லிடு" என்றான்.

"சரி. காய்ச்சல்."

நான் வாசலுக்கு வந்தபோது அவன் தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னதான் தோன்றிற்றோ, திரும்பி, "வர்றேன் சவுரி" என்றான்.

"சாவு வூட்டுல 'வர்றேன்'னு சொல்லக் கூடாதுங்க" என்றாள் அவள். "பேசாம போவணும்."

அவன் பேசாமல் போனான். தெருமுனை திரும்பும்வரை அவள் பார்க்கவும் இல்லை. உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, அவன் உட்கார்ந்த இடத்தில் கவிழ்த்தாள். பிணம் எடுத்த வீட்டைக் கழுவுகிற மாதிரியே, உள்ளிருந்து வாசலை நோக்கி, ஒரு சொட்டு தங்காமல் விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு வந்தாள். படி தாண்டித் தண்ணீர் தெருவில் விழுந்ததும், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.