கொலைகாரனைச் சொல்லக்கூடாது

யாழ்ப்பாணப் பட்டினத்தில் பழைய நாடகக் கொட்டகை ஒன்று இருந்தது. ஓலைக் கொட்டகையாகத் தொடங்கி, கட்டிய வியாபாரியின் பேரன் காலத்தில் தகரக் கூரைக்கு ஏறியது. மழை பெய்தால் மேடையில் பேசுவது ஒன்றும் கேட்காது. கொலையுண்டவர் எழுந்து ஓரமாகக் குந்தியிருந்து, மழை விட்டதும் திரும்பவும் செத்துப்போவார். சனங்கள் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

நான் சொல்வது இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்திய சில வருஷங்களை. சனிக்கிழமைகளில் பின்னேரம் அங்கே ஒரே நாடகந்தான். ஒரு பணக்காரர் தன் வீட்டிலேயே குத்துப்பட்டுக் கிடப்பார். யார் குத்தியது என்று கடைசி அங்கத்தில்தான் தெரியவரும். இப்படியொரு கதை வருஷக்கணக்காக ஓடியதற்குக் காரணம் கற்பூரம். நாடகம் முடிந்ததும் கொட்டகைக்காரர் தட்டில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு மேடைக்கு வருவார். சபையோர் எல்லாரும் எழும்பி, கொலைகாரன் யாரென்று வெளியில் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். கிறிஸ்தவ வேதக்காரர் வலக்கையை உயர்த்தினால் போதும். கற்பூரச் சத்தியத்தை மீறினால் கண் போய்விடும் என்பது எங்களவர் நம்பிக்கை. அதனால் எந்தக் குடும்ப ரகசியமும் மூன்று நாள் தாங்காத எங்கள் குடாநாட்டில், இந்த ஒரு ரகசியம் மட்டும் பத்திரமாக இருந்தது.

நான் அப்போது உரும்பிராயில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். அதுவரை பொருந்திவந்தவை இரண்டே சம்பந்தங்கள். இரண்டு இடத்தாரும், கலியாணத்துக்குப் பிறகு பெண் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். மூன்றாவதாக வந்தவர் கொக்குவில்காரர். 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்' என்பார்கள்; அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகவே இருந்தார். படிப்பிப்பதை நான் விடத் தேவையில்லை என்று தரகரிடம் தானாகவே சொல்லியனுப்பியிருந்தார். முகம் பார்க்காமலே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

என்னைப் பெற்ற ஐயாவும், எங்களோடு இருந்த அவருடைய தமக்கையான மாமியும் விசாரணையில் இறங்கினார்கள். மாமி விசாரித்தால் பொலிசு தேவையில்லை. கொக்குவிலில் வண்ணான் முதல் கோயில் ஐயர் வரை எல்லாரையும் கேட்டு, பழுதில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் தரகர், மாப்பிள்ளைப் பெடியன் சனிக்கிழமைகளில் அந்த நாடகத்தில் டாக்குத்தராக வருகிறான் என்று பெருமையாகச் சொல்லிவைத்தார். தெரியாமல் இருந்து ஆளைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லையென்று ஐயாவும் மாமியும் பஸ் ஏறிப் போனார்கள்.

திரும்பி வந்து கால் கழுவிய கையோடு ஐயா சொன்னார்: "உந்தச் சம்பந்தம் சரிவராது."

ஏன் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். மாமியைப் பார்த்தேன். ஓட்டை வாய் என்று ஊரெல்லாம் பேர் எடுத்த மாமி, உதட்டை இறுக்கிக்கொண்டு குசினிக்குள் அடுப்பு மூட்டப் போனார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவுமில்லை. சத்தியம் அவருக்கு வயிற்றுக்குத்தாக மாறியிருந்தது. காரணம் சொல்லாமல் குழம்பிய சம்பந்தத்துக்கு ஊரே காரணம் கண்டுபிடித்தது. பெடியனுக்குக் காக்கை வலிப்பு என்று ஒரு பகுதி, எனக்கு என்று மறுபகுதி.

நானே போய்ப் பார்க்கப் போகிறேன் என்று ஐயாவிடம் சொன்னேன். வாயால் சொல்ல முடியாததை நான் கண்ணால் கண்டால் அவருக்கும் நல்லதுதான். மாமியைத் துணைக்கு அனுப்பினார். மாமி நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்தார்.

பெண்கள் பக்கத்தில் மர வாங்கொன்றில் குந்தியிருந்தோம். அவர் மேடைக்கு வந்த நேரமெல்லாம் மாமி என் தொடையில் கிள்ளினார். கிள்ளக்கூடாது என்று சத்தியத்தில் இல்லை. இரண்டாம் அங்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. செத்தவருக்காக எல்லாரையும்விடக் கூடுதலாக அழுது, விதவையைத் தேற்றி, குசினிக்காரனைச் சந்தேகிக்கவேண்டாம் என்று மன்றாடிய அந்த டாக்குத்தர்தான் குத்தியவர்.

விளங்கியும் கடைசி அங்கத்துக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. பிடிபட்டதும் அவர் அழுகையை நிறுத்தினார். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. அதுவரை கும்பிட்டபடி இருந்த கைகள் கீழே இறங்கின. ஒருவருக்கும் பயப்படாமல், ஒருவரிடமும் நல்ல பேர் கேட்காமல், சபையை நேரே பார்த்துச் சிரித்தார். எங்கள் ஊர் ஆம்பிளை எவனும் அப்படி நின்று நான் கண்டதில்லை. பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். சனங்கள் "வன்ஸ்மோர்" கேட்க, இரண்டாம் தரமும் ஒப்புக்கொண்டார். அந்த முகத்தை நான் விரும்பினேன். இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

வீட்டில் ஐயா வாசல் படலையிலேயே நின்றார். இப்போது மூன்று பேரும் சத்தியம் பண்ணியவர்கள் ஆனபடியால் தாராளமாகக் கதைக்கலாம்.

"பாத்தனியோ?" என்றார்.

"ஓம் ஐயா. நாடகந்தானே."

"நாடகம் எண்டு எனக்கும் தெரியும் பிள்ளை. மற்ற எல்லாரையும் சந்தேகப்பட்டன். அவனை மட்டும் நம்பினன். அப்பிடி நம்பப்பண்ணத் தெரிஞ்சவனுக்கு எப்பிடிப் பொம்பிளை குடுக்கிறது?"

அவரைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஐயா இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு தரகரை அழைத்து நிபந்தனை சொல்லியனுப்பினார். கொலையை விடவேண்டும். நாடகத்தில் இருக்கத்தான் வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டராக வரலாம். இன்ஸ்பெக்டர் கொட்டகைக்காரரின் மருமகன் என்றபடியால் அந்த இடம் காலியாக இல்லை. தரகர் அன்று பின்னேரமே திரும்பி வந்து, பெடியன் விட்டுவிடுவதாகச் சொன்னதாகச் சொன்னார். யோசிக்கக்கூட இல்லையாம். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கலியாணம் நடந்தது. அவர் சொன்ன சொல் தவறவில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் பள்ளிக்கூடம் போனேன். அவர் கச்சேரிக்குப் போனார், வந்தார், மேலதிகாரிகளைக் கும்பிட்டார், ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மகனைப்போலப் பார்த்தார். அவரைப்போல நல்ல மனுஷன் இல்லையென்று மாமி சாகும்வரை சொன்னார்.

யுத்தம் முடிந்த பிறகும் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கொலைகாரன் நன்றாகப் பாடுகிறான், நடிப்புத்தான் காணாது என்று சொன்னார்கள். ஒருநாள் மனம் கேட்காமல், "சனிக்கிழமை ஒருக்காப் போவமே?" என்று கேட்டேன்.

அவர் கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து மற்றதைத் திறந்துவிட்டார்.

"ஆர் கொலைகாரன் எண்டு தெரிஞ்சுகொண்டு என்னத்தைப் பாக்கிறது?" என்றார். பிறகு, எனக்கு மனம் நோகக்கூடாதென்று, பணிவாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

நான் குசினிக்குப் போய் அழுதேன். மேடையில் கண்ட அந்த முகத்துக்காகத்தான் நான் ஐயாவோடு பிடிவாதமாக நின்றேன். அது ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.