'வாரேன்' என்று சொல்லிவிட்டேன்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், சிறுமுகையைத் தாண்டி பவானிசாகர் அணைத் தண்ணீர் வந்து தேங்கி நிற்கும் கரை. கல்யாணமான புதிதில் எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம். ஒரு பழைய மொபெட், ஒரு தார்ப்பாய், இரண்டு தூண்டில்கள். கரையில் தார்ப்பாயைக் கட்டிப் படுத்துக்கொள்வோம். விடிந்ததும் ஜிலேபிக் கெண்டை பிடித்து அங்கேயே சுட்டுத் தின்போம். எனக்கு ஒரு மீனும் மாட்டாது, அவளுக்கு வரிசையாக மாட்டும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோனது. "ஒரு நாளைக்கு அந்த எடமெல்லாம் பாத்துப்போட்டு வரலாங்களா?" என்று அவளாகத்தான் கேட்டாள். இருட்டோடு கோவையிலிருந்து காரில் கிளம்பினோம். நாங்கள் முதன்முதலில் தங்கிய புளியமரத்தடியைச் சுற்றி இப்போது கம்பிவேலி. அடுத்த இடத்தில் மீன் வறுவல் கடை, அதுவும் இன்னும் திறக்கவில்லை. இனிப் பார்க்க மிச்சம் இருந்தது எங்கள் பாறை மட்டும்தான். தண்ணீரை ஒட்டி, உட்கார்ந்தால் காலைத் தொங்கப்போடலாம் போன்ற பாறை.

அங்கே போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. ஆனால் பனி. பத்து எட்டுக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. அந்தக் கரையில், தண்ணீர் இறங்கும் மாதங்களில் வாழை போடுவார்கள். அணை ஏறினால் தோட்டம் அப்படியே மூழ்கிவிடும், பரிசலில் போய்த்தான் தார் வெட்ட வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான். தண்ணீருக்கு மேலே வாழை இலைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. காற்றே இல்லை, ஒரு இலைகூட ஆடவில்லை. காக்கை குருவிச் சத்தமும் இல்லை. எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. அவளிடம் சொன்னால் கிண்டல் பண்ணுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் காருக்குப் பக்கத்தில் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "பாறை இருக்குதான்னு பாத்துப்போட்டு வாரேன், அம்மணி" என்று சொல்லிவிட்டு நான் வரப்பில் இறங்கி நடந்தேன்.

மேலே சொல்வதற்கு முன்னால், வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் பக்கம் பெண்கள் கட்டியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஏனுங்க' என்பார்கள், அவ்வளவுதான். கடைக்காரரைக் கூப்பிடவும் அதே 'ஏனுங்க'தான், பஸ் கண்டக்டருக்கும் அதேதான். ஆனாலும் சந்தைக் கூட்டத்தில் அவரவர் வீட்டு 'ஏனுங்க' அவரவர் காதுக்குத் தெரியும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். "ஏனுங்க" என்று குரல் வந்தது, முன்னாலிருந்து.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்போதும் போல வேறு வழியாகப் போய் எனக்கு முன்னாலேயே பாறையைப் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். "வாரேன்" என்று குரல் கொடுத்தேன். வரப்பு தண்ணீருக்குள் இறங்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கணுக்கால் நனைந்தது, பிறகு முழங்கால். தரை கெட்டியாகத்தான் இருந்தது. முன்னால் ஒரு குச்சி தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது, யாரோ வலை கட்ட நட்டது போல.

"ஏனுங்க..."

இந்த முறை ரொம்பப் பக்கத்தில். கோபமில்லாத, அவசரமில்லாத குரல். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. நான் மறுபடியும் "வாரேன், இரு" என்றேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

வெறும் பெயர். முன்னும் பின்னும் ஒட்டு எதுவும் இல்லாமல், அடித்தொண்டையிலிருந்து. என் அம்மா போன பிறகு ஒரு பெண் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எவள் இவள் என்று நிஜமாகவே கோபம் வந்து, நின்று திரும்பினேன். வரப்பின் முனையில் என் மனைவி நின்றிருந்தாள். எனக்குக் கொண்டுவந்த டீ டம்ளர் கையில் அப்படியே இருந்தது. மற்றொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அப்படியென்றால் முன்னால் இருப்பது யார்?

வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்பி வந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"நானும் கேட்டனுங்க" என்றாள் அவள். "ரெண்டு தடவை கூப்பிட்டுது. நீங்க வாரேன்னு சொன்னதும் கேட்டுச்சு. நான் வாயவே தொறக்கலீங்களே."

பனி மெல்ல விலகியபோது ஒரு பெரியவர் பரிசலில் வாழைத்தார் வெட்ட வந்தார். நான் நின்ற இடத்தைக் கைகாட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் போய்த் தன் நீளக் கழியைத் தண்ணீரில் விட்டார். கழி போய்க்கொண்டே இருந்தது. அவர் கை நனைந்தது, கழி தரையைத் தொடவில்லை.

"கெணறுங்க. கைப்பிடிச் செவுரு கெடையாது" என்றார்.

அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். அது குச்சியே அல்ல, கிணற்று மோட்டாரின் டெலிவரி பைப். இத்தனை வருஷமாக மோட்டார் பம்ப் பட்டறை வைத்துப் பிழைக்கிறேன். அந்தப் பைப்பை வலைக்குச்சி என்று நினைத்துப் போயிருக்கிறேன். இன்னும் நாலைந்து எட்டு வைத்திருந்தால் எனக்கு நீச்சல் தெரியாது என்பது கிணற்றுக்குத் தெரிந்திருக்கும்.

"அக்கரையில ஆராச்சும் கூப்பிட்டிருப்பாங்க. பனியில சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியாதுங்க" என்றார் பெரியவர். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கழியை உருவி எடுத்துக்கொண்டே, "பதில் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"வாரேன்னு சொன்னனுங்க."

அவர் கழியைப் பரிசலுக்குள் போட்டார். "அப்ப வரலீன்னு சொல்லிப்போட்டுக் கெளம்புங்க. சொன்ன சொல்லு அப்படியே கெடக்க வேண்டாம்."

இந்த மாதிரி விஷயங்களை ஆயுசு முழுக்கக் கேலி பண்ணியவன் நான். என் மனைவிதான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தண்ணீர் ஓரமாகப் போய் நின்று, அந்தப் பைப்பைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏனுங்க... இவரு வரலீங்க."

அதிலும் ஒரு 'ங்க'. மரியாதையை விடவில்லை. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகை வந்தது, அழுதேன். பாறையைப் பார்க்கவே இல்லை. எந்த இடத்தைவிட்டுக் கிளம்பினாலும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிப் பழகிய வாய், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறியது.

மேட்டுப்பாளையம் தாண்டினோம். பிறகு நான்தான் கேட்டேன், எப்படி அவளுக்கு என் பெயர் வாயில் வந்தது என்று.

"அங்கயும் ஏனுங்கன்னுதான கூப்பிட்டுது" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "நானும் ஏனுங்கன்னா, நீங்க எந்தப் பக்கம் போவீங்க?"

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் என் பெயரைச் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்துவிட்டேன், வெட்கப்பட்டு எழுந்து போய்விடுகிறாள். இன்றும் சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று சத்தம் வந்தால் நான் இருந்த இடத்திலிருந்து பதில் சொல்வதில்லை. எழுந்து போய், அது அவள்தான் என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் "வந்துட்டேன்" என்கிறேன்.